ஏழாம் குழியின் மேற்குப் பக்கம்

ஓடுதளத்துப் பக்கத்து மண் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி ரிச்சர்ட்ஸ் டவுன் ஆபீசிலிருந்து போன் வந்தது. வரைபடம், கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பில், காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். சர்வேயர் தூரத்தில் நின்று கருவிக்குள் பார்ப்பார். நான் இந்தப் பக்கம் அளவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பேன். அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். கட்டை சாய்ந்துவிட்டதோ என்று அன்றைக்குப் பிடித்த கவலை, வேலையை விட்டு வந்த பிறகும் என்னை விடவில்லை. இதை எழுத உட்காருவதற்கு முன்னால்கூட, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

என்னிடம் இருப்பது ஒரு குழியின் கதை. அதில் தப்பு என்னுடையது. அதனால்தான் சொல்லத் துணிகிறேன்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியாக ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் புல்தரை தெரியும். சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மனைவி ஸ்டெல்லாவே ஒருநாள் கேட்டாள்: "இத்தனை வருஷமா அந்தப் புல்லையா டிசைன் பண்றீங்க?" ஆமாம், அந்தப் புல்லைத்தான். மழையில் வழுக்கியோ டயர் வெடித்தோ ஒரு விமானம் ஓடுதளத்தை விட்டு விலகினால், அது போய் நிற்கப்போவது அங்கேதான். அது நிற்கிற வரைக்கும் தரை அதற்கு எந்தக் கெடுதலும் செய்யக் கூடாது. சக்கரம் கொஞ்சம் புதைந்தால் பரவாயில்லை; புதைந்தால்தான் வேகம் குறையும். ஆனால் புதைந்தபடி வருகிற சக்கரம் மண்ணுக்குள் எதன்மேலும் முட்டக் கூடாது.

முட்டக்கூடிய பொருள் அங்கே ஒன்றுதான்: கான்கிரீட் குழி. ஓடுதள விளக்குகளுக்குப் போகும் கேபிள்களுக்காகப் புல்தரை நெடுகக் குழிகள் கட்டியிருப்போம். மூடி தரைமட்டத்தில் இருக்கும். மேலே நடந்தால் கால்கூட இடறாது. ஆனால் மண்ணுக்குள்ளே அதன் சுவர் செங்குத்தாக நிற்கிறது. புதைந்து வரும் சக்கரம் அந்தச் சுவரில் மோதினால் விமானத்தின் கால் முறிந்துவிடும். அப்புறம் இறக்கை தரையில் உரசும். இறக்கையில்தான் எரிபொருள். அதனால் ஒவ்வொரு குழிக்கும் நாலு பக்கமும், மூடியின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மண்ணுக்குள் கான்கிரீட் சரிவு ஒன்று போடுவோம். சக்கரம் வந்தால் சரிவில் ஏறி, மூடியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடும்.

மண் போட்டுப் புல் வளர்ந்துவிட்டால் அந்தச் சரிவு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. போட்டவனுக்கும் பார்த்தவனுக்கும் மட்டும்தான் தெரியும். போட்டவன் சிவாஜிநகர் பாஷா மேஸ்திரி. பார்க்க வேண்டியவன் நான்.

ஊருக்கு வெளியே ஒரு சின்ன விமானத்தளம். பெயர் வேண்டாம். மொத்தம் பதினாலு குழிகள். மழைக்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். தினமும் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் ஓடுதளத்தை மூடித் தருவார்கள். நாலு மணிக்கு விமானம் வரும். அதற்குள் தோண்டியதை எல்லாம் மூடி, ஆணி, கம்பி, கல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். வேலை பாதியில் நின்றாலும் சரி, குழி திறந்து கிடக்கக் கூடாது. அது அங்கே மாற்ற முடியாத சட்டம்.

எனக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. சரிவு இறுகினதும் மண் போடுவதற்கு முன்னால், நாலு பக்கமும் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். பிறகு போனில் பக்கத்துக்கு ஒரு படம் எடுப்பேன். யாரும் கேட்கவில்லை, என் பயத்துக்காக நானே எடுத்துக்கொண்டது. ஆபீஸ் படிவத்தில் ஒரு குழிக்கு ஒரே கட்டம். அதில் ஒரு டிக். அந்த டிக்கை அங்கேயே போடாமல், சனிக்கிழமை ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சேர்த்துப் போடுவோம். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். படிவம் மழையில் நனையாமல், மண் படாமல், பார்க்க நன்றாக இருக்கும்.

வேலை முடிந்தது. புல் பிடித்தது. பதினாலுக்கும் டிக் போட்டுக் கொடுத்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மர்பி டவுனில் எங்கள் வீட்டு மாடிக்கு ஓடிப்போய்த் துணிகளை எடுத்தேன். சட்டைப் பையில் போன் நனைந்துவிடுமே என்று பிளாஸ்டிக் கவருக்குள் திணித்தேன். திணித்த கை அப்படியே நின்றுவிட்டது. இதே கவருக்குள் இதே போனை, இதே மாதிரி மழை திடீரென்று பிடித்தபோது, ஏழாம் குழிக்குப் பக்கத்தில் நின்று திணித்திருக்கிறேன். திணித்தபோது எந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்?

கீழே வந்து படங்களைப் பார்த்தேன். எல்லாக் குழிக்கும் நாலு படம் இருந்தது. ஏழுக்கு மட்டும் மூன்று. மேற்குப் பக்கம் இல்லை.

இப்போது காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானம் எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், ஏறும். மழைக்காலத்தில் இங்கே காற்று மேற்கிலிருந்து வரும். அதனால் விமானங்கள் மேற்கு நோக்கி ஓடும். அப்போது விலகினால் சக்கரம் மோதுவது குழியின் கிழக்குப் பக்கத்தில். மழை விட்டுக் காற்று திரும்பி, கிழக்கிலிருந்து வர ஆரம்பித்துவிட்டால், விமானங்கள் கிழக்கு நோக்கி ஓடும். அப்போதுதான் மேற்குப் பக்கத்துக்கு வேலை.

ஆகவே எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அந்தக் கொஞ்ச நாள்தான் என்னைக் கெடுத்தது.

காலையில் எழுந்ததும் மாடிக்குப் போவேன். அல்சூர் ஏரி எங்கள் வீட்டுக்கு மேற்கே. கொடியில் துணி ஏரிக்கு எதிர்ப்பக்கம் பறந்தால் மேற்குக் காற்று. ஏரியைப் பார்த்துப் பறந்தால் காற்று திரும்பிவிட்டது என்று அர்த்தம். சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு தடவை போவேன்.

"துணி காயுதான்னு பாக்குறீங்களா, இல்ல துணிகிட்ட ஜோசியம் கேக்குறீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"காத்து எந்தப் பக்கம்னு பாக்குறேன்."

"எந்தப் பக்கமா இருந்தா உங்களுக்கு என்ன? கப்பலா ஓட்டறீங்க?"

அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. அதே விமானத்தளத்தில் அதற்கு முன்னால் இரண்டு தடவை சந்தேகம் என்று சொல்லி வேலையை நிறுத்தியிருக்கிறேன். ஒரு தடவை வடிகால் மூடி ஆடுகிறது என்றேன். கழற்றிப் பார்த்தால் கல்லுபோல இருந்தது. இன்னொரு தடவை மண் ஓரிடத்தில் மெத்தென்று இருக்கிறது என்று சொல்லித் திரும்பச் சோதனை போட வைத்தேன்; ஒன்றுமில்லை. அங்கே இருந்த ஆபரேஷன்ஸ் ஆபீசர் எனக்கு 'டௌட் தாஸ்' என்று பெயரே வைத்துவிட்டார். மூன்றாவது தடவை போய் நின்றால் என்ன ஆகும்? படித்தவனுக்கு டிகிரி இருக்கிறது. எனக்கு இருந்த ஒரே சர்டிபிகேட் என் டிக். டிக் போட்டவனே அதை நம்பவில்லை என்றால் அப்புறம் எதற்கு அவனை வைத்திருக்க வேண்டும்?

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று. நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். பூட்டின கதவை இழுத்துப் பார்க்கிறவன். இதுவும் அந்த மாதிரிதானா, இல்லை இது வேறா? எனக்கே தெரியவில்லை. ஒன்பது நாள் இப்படியே போயிற்று.

பத்தாம் நாள் ஆபீசில் எங்கள் மேடம் கடைசிக் கடிதத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தார். அந்த டிசைன் அவருடையது. திருச்சிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. 'எல்லாக் குழிகளும் வரைபடத்தின்படி முடிக்கப்பட்டன' என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க தாஸ்."

சொன்னேன். மூன்று படங்களையும் காட்டினேன். அவர் போனை வாங்கி மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இது தெரியும்?"

"ஒன்பது நாளா."

அவர் போனை மேஜைமேல் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காத்து இன்னும் மேற்கிலிருந்துதான் மேடம் வருது. டெய்லி பாத்துட்டுதான் இருக்கேன்."

"ஏன், திரும்புறதுக்கு முன்னாடி உங்களுக்கு போன் பண்ணிட்டா திரும்பும்? நடுவுல ஒருநாள் சும்மா மாறி அடிச்சா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவரே கேட்டார்: "மத்த பதிமூணு குழி மேல சந்தேகம் இருக்கா?"

"இல்ல மேடம். நாலு படமும் இருக்கு. கை வெச்சதும் ஞாபகம் இருக்கு."

"ஏழுல மத்த மூணு பக்கம்?"

"அதுவும் சரி."

"அப்போ இது உங்க வழக்கமான பயம் இல்ல தாஸ். பயம் எல்லா இடத்துலயும் இருக்கும். இதுக்கு அட்ரஸ் இருக்கு. ஏழாம் நம்பர், மேற்கு." பேனாவை மூடி வைத்தார். "தோண்டிப் பாத்துடலாம்."

இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பக்கத்திலேயே விளக்குக் கேபிள் போகிறது. கம்பி இறக்கக் கூடாது, இயந்திரமும் கூடாது. கையால்தான் தோண்ட வேண்டும். அதற்கு ஓடுதளத்தை மூடித்தான் ஆக வேண்டும். மேடம் அந்த ஆபீசருக்கு போன் போட்டு, காரணத்தை அப்படியே சொல்லி, மதியம் இரண்டு மணி நேரம் வாங்கினார். போனில் ஆபீசர் சிரித்தது எனக்கே கேட்டது.

பாஷாவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்கிற விஷயமா அது? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவன் வழக்கமாக நிற்கும் டீக்கடை. கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"இருபது வருஷம் தாஸ் பாய். என் கையையா நம்பல?"

"என் கண்ணை நம்பல பாஷா."

"மழை வந்துச்சு, ஞாபகம் இருக்கு. பலகை சாச்சேன், அதுவும் ஞாபகம் இருக்கு. கலவை போட்டேன். சத்தியமா போட்டேன். அரே, பலகை வெச்சவன் கலவை போடாம என்ன, பூஜையா பண்ணுவான்?" கடையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சரி வா, நானே தோண்டறேன். சரிவு இருந்துச்சுன்னா, மர்பி டவுன்லருந்து இங்க வரைக்கும் நடந்து வந்து, இவங்க எல்லார் முன்னாடியும் நீ எனக்கு டீ வாங்கித் தரணும். பஸ்ல வரக் கூடாது. நடந்து!"

"வரேன்."

"இல்லாட்டி?" என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் மழை இல்லை. மேற்குக் காற்று லேசாக அடித்தது. ஓடுதளத்தில் காற்றின் திசை காட்டும் கூம்புத் துணி கிழக்கே நீண்டிருந்ததைப் பார்த்து மூச்சு விட்டேன். ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்காமலே கேட்டார்: "ஏன்ரீ தாஸ், மத்தே டௌட்டா?" மறுபடியும் சந்தேகமா என்கிறார். நான் ஏழாம் குழியைப் பார்த்து நடந்தேன்.

பாஷா புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பாய்போல எடுத்து ஓரமாக வைத்தான். சின்ன மண்வெட்டியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினான். என்னைத் தொட விடவில்லை. எங்கள் மூன்று பேர் நிழலும் குழியின்மேல் விழுந்தது. மேடம் நகர்ந்து நின்று வெளிச்சம் விட்டார்.

ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ தட்டியது. பாஷா கையால் மண்ணை வழித்தான். ஈரச் செம்மண் பூசிக்கொண்டு, மூடியின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, அளவு பிசகாமல் ஒரு சரிவு தெரிந்தது.

"பாத்தியா!" பாஷா துள்ளி எழுந்தான். "பாத்தியா தாஸ் பாய்! நட நீ, சிவாஜிநகருக்கு நட!"

ஆபீசர் ஜீப்பிலிருந்தே எட்டிப் பார்த்தார். "ஆய்தல்லா? முச்சி, முச்சி," என்றார். ஆயிற்றே, மூடுங்கள் என்று அர்த்தம்.

உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அந்த நிமிஷம் அவமானமாக இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தடவை முட்டாளானால் என்ன? டௌட் தாஸ் என்று சாகும்வரைக்கும் கூப்பிடட்டும். சரிவு இருக்கிறது. நானும் "மூடிடலாம் பாஷா" என்று சொல்லிவிட்டேன். என் வாயால்தான் சொன்னேன்.

மேடம் மட்டும் நகரவில்லை. "தாஸ், எப்பவும் கை வெச்சுப் பாப்பீங்களே. வைங்க."

குனிந்து உள்ளங்கையை வைத்தேன். மண்ணுக்குள் கிடக்கும் கான்கிரீட் கையை ஜில்லென்று பிடிக்கும். இது பிடிக்கவில்லை. விரலை ஓட்டினேன், வரி வரியாக ஓடியது. விரல் முட்டியால் தட்டினேன்.

டொக் என்றது. உள்ளே வெற்றிடம்.

பாஷா என்னைத் தள்ளிவிட்டு மண்டியிட்டான். விளிம்பில் மண்வெட்டியின் நுனியைக் கொடுத்து நெம்பினான். சரிவு முழுசாகக் கிளம்பி வந்தது. அது அவனுடைய பலகை. கலவை ஊற்றுவதற்காகச் சாய்த்து வைத்த பலகை. அதற்குப் பின்னால், வரைந்த கோடு மாதிரி நேராக, குழியின் சுவர் செங்குத்தாக நின்றது.

பாஷா பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்: "கணக்குல ஒரு பலகை குறையுதுன்னு வாடகைக் கடைக்காரனோட சண்டை போட்டேன் பாய். நீதான் தப்பா எண்ணறேன்னு கத்திட்டு வந்தேன்."

நடந்தது என்னவென்று அங்கேயே உட்கார்ந்து கோத்துப் பார்த்தோம். மழை பிடித்தபோது மூன்று பக்கம் முடிந்திருந்தது. நாலாவதுக்குப் பலகையைச் சாய்த்தான். கலவை ஊற்ற முடியவில்லை. நாலு மணிக்குள் மூட வேண்டும் என்பதால் நாளைக்குத் திறந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று மேலே மண்ணைப் போட்டோம். மறுநாள் மழை, அதற்கு மறுநாளும் மழை; தளத்தைத் தரவில்லை. மூன்றாம் நாள் போனபோது ஏழு மூடிக் கிடந்தது, எட்டு இன்னும் தொடங்காமல் கிடந்தது. எட்டுக்குப் போய்விட்டோம். வேலைக்கு ஏற்பாடு செய்தது அவன் மனதில் வேலை செய்ததாகப் பதிந்துவிட்டது. மூடிக் கிடந்ததைப் பார்த்தது என் மனதில் சோதித்ததாகப் பதிந்துவிட்டது. சனிக்கிழமை ஃபேனுக்குக் கீழே அதற்கு டிக் விழுந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அதுதான் பயம்.

"மேடம், கலவைக்கு இப்போ எங்க போறது? டைம் ஒரு மணி நேரம்தான் இருக்கு," என்றேன்.

"வண்டியில இருக்கு," என்றார். எங்கள் வேனின் பின்கதவைத் திறந்தார். சீக்கிரம் இறுகும் கலவை மூட்டைகள் அடுக்கியிருந்தன. தண்ணீர் கேன் இருந்தது. தட்டிச் சமன்படுத்தும் கட்டைகூட இருந்தது. எனக்குத் தெரியாமல் காலையிலேயே ஏற்றியிருக்கிறார். "தேவையில்லன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிருப்போம். அவ்வளவுதானே?"

ஒன்பது நாள் நானே என்னை நம்பவில்லை. அவர் ஒரே நாளில் நம்பி மூட்டைகளை ஏற்றிவிட்டார்.

பாஷா கலவையைப் போட்டான். ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, ஷூவில் சேறு படுவதையும் பார்க்காமல் பக்கத்தில் நின்றார். இறுகினதும் நான் கை வைத்தேன். புதுக் கலவையின் சூடு இருந்தது; தட்டினால் கல். பிறகு ஆபீசரே குனிந்து கை வைத்தார். மண் போட்டு, இடித்து, புல் சதுரங்களைத் திரும்ப ஒட்டினோம். நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெளியே வந்துவிட்டோம்.

மேடம் அன்றைக்கே நடந்ததை முழுசாக எழுதிக் கொடுத்தார். என் பெயரும் இருந்தது, டிசைன் செய்தவர் என்று அவர் பெயரும் இருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடும் வேலை ஆறு மாதத்துக்கு எனக்கு இல்லை என்றார். அளவுக் கட்டையைப் பிடித்தேன், முதல் நாள் மாதிரியே. அது சரிதான் என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. ஏழாம் குழிக்காக இல்லை, ஒன்பது நாளுக்காக.

அதற்குப் பிறகு படிவம் மாறியது. குழிக்கு நாலு கட்டம். குழிக்குப் பக்கத்திலேயே நின்று போட வேண்டும். சனிக்கிழமை வந்து சேரும் படிவத்தில் மண் கறை இல்லாவிட்டால் மேடம் திருப்பி அனுப்பிவிடுவார். இப்போது உங்களுக்கு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். அதில் கறை பட்டால் துடைத்துவிடுவீர்கள். துடையுங்கள். உள்ளங்கையில் மண் இருக்கிறதா என்று மட்டும் டிக் போடுவதற்கு முன்னால் பாருங்கள். உங்களில் யாராவது என்னைப்போல எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவராக இருந்தால், வெட்கப்பட வேண்டாம். அந்தப் பயத்துக்கு அட்ரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காற்று திரும்புவதற்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அந்த இடத்தில் இன்றுவரைக்கும் ஒரு விமானமும் விலகவில்லை என்று கேள்விப்படுகிறேன். அந்தச் சரிவு எந்தச் சக்கரத்தையும் தாங்கியதில்லை. நம் வேலை அப்படித்தான்.

அந்த வருஷம் மழை விட்டு ஒரு காலை, வாசலில் பாஷா நின்றான். கையில் பிஸ்கட் பாக்கெட், சட்டையெல்லாம் வியர்வை.

"பஸ் கிடைக்கலயா பாஷா?"

"நடந்து வந்தேன். சிவாஜிநகர்லருந்து." பாக்கெட்டை ஸ்டெல்லாவிடம் நீட்டினான். "பந்தயம் பந்தயம்தான்."

மாடியில் உட்கார்ந்து மூன்று பேரும் டீ குடித்தோம். பாதியில் ஸ்டெல்லா எழுந்து கொடியைப் பார்த்தாள். துணிகளெல்லாம் ஏரியைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தன.

"ஏங்க, காத்து திரும்பிடுச்சு," என்றாள்.

பாஷா என்னைப் பார்த்தான். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்தேன்.

"சீக்கிரம் காஞ்சிடும்," என்றேன்.